வேறொரு செயலியின் இடைமுகத்தைப் பார்த்து உங்கள் தளத்தைச் செய்வது: பதிப்புரிமை பற்றிய முழுமையான வழிகாட்டி

கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கும் மாணவர் ஒருவர் தன் சுயவிவரத் தளத்தைப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி திரை போல அமைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே நீலப் பட்டை, மூலையில் பச்சை ஸ்டார்ட் பட்டன், இரண்டு தரம் தட்டினால் திறக்கும் ஃபோல்டர்கள். உப்புவெளியில் நான்கு அறையுள்ள விருந்தினர் இல்லம் வைத்திருப்பவருக்கு வேறு ஆசை: எயார்பிஎன்பியில் வருவது போலப் படம், விலை, நட்சத்திரம் எல்லாம் அட்டை அட்டையாக அடுக்கிய பக்கம் வேண்டும். இரண்டையும் செய்யலாமா?

செய்யலாம். அட்டை அடுக்குவதும் ஜன்னலுக்கு மேல் ஜன்னல் திறப்பதும் யாருக்கும் தனிச் சொத்தில்லை. மாட்டிக்கொள்பவர்களில் அநேகர் தோற்றத்தால் மாட்டுவதில்லை. மூலத் தளத்திலிருந்து இறக்கிய ஒரு ஐகன் கோப்பு, ஒரு எழுத்துரு, ஒரு பின்னணிப் படம், அப்படியே விட்ட ஒரு லோகோ, இல்லாவிட்டால் விளையாட்டாக வைத்த ஒரு கடவுச்சொல் பெட்டிதான் அவர்களைப் பிடித்துக் கொடுக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி சட்டத்துக்குக் கொஞ்சமும் கோப்புகளுக்கு நிறையவும் இடம் கொடுக்கிறது.

எந்த உரிமை, எந்தச் சட்டம்

தமிழில் 'காப்புரிமை' என்ற சொல் பெருங்குழப்பம். ஒருவர் அதை எழுத்துக்கும் படத்துக்கும் சொல்வார், இன்னொருவர் கண்டுபிடிப்புக்குச் சொல்வார். இங்கே நான்கு உரிமைகளையும் பிரித்தே எழுதுகிறோம்.

பதிப்புரிமை: எழுத்து, படம், ஒலி, கணினி நிரல் ஆகியவற்றுக்கு உரியது. ஆக்கிய கணத்திலேயே பிறக்கிறது. இலங்கையில் இதற்குப் பதிவு கிடையாது. ஆக்கியவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும்.

வியாபாரக் குறி: பெயர், லோகோ. பதிந்தால் 10 ஆண்டு, புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

கைத்தொழில் வடிவமைப்பு: பொருளின் தோற்றம். பதிய வேண்டும். இலங்கையில் 5 ஆண்டு, இரு தடவை புதுப்பித்து மொத்தம் 15.

ஆக்கவுரிமை: கண்டுபிடிப்புக்கு உரியது. தனிப்பட்ட தளம் செய்பவருக்கு இது மிக அரிதாகவே குறுக்கே வரும், இதோடு விட்டுவிடுவோம்.

இலங்கையில் இவை நான்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் இருக்கின்றன. 'மைக்ரோசொஃப்ட் அமெரிக்கக் கம்பனி, திருகோணமலையில் இருக்கும் நமக்கென்ன' என்று சிலர் சொல்வதுண்டு. நாடுகள் ஒன்றின் பதிப்புரிமையை மற்றது மதிக்கும் பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959 முதல் இருக்கிறது. வெளிநாட்டார் ஆக்கத்துக்கும் இங்கே அதே காவல்தான். அத்தோடு உங்கள் தளம் கிட்ஹப், நெட்லிஃபை, வெர்செல் போன்ற தளம் ஏற்றி வைக்கும் சேவைகளில் இருந்தால், அந்த நிறுவனங்கள் இணையப் பதிப்புரிமை பற்றிய அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. முறைப்பாடு வந்தால் அவை உள்துறைமுக வீதி வரை ஆள் அனுப்புவதில்லை, பக்கத்தை இணையத்திலிருந்து நீக்கிவிடும்.

பதிப்புரிமை எங்கே நிற்கிறது

இலங்கைப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவு உங்களுக்கு மிக வேண்டிய பிரிவு. கருத்து, நடைமுறை, முறைமை, செயற்படுத்தும் முறை, கோட்பாடு, வெறுந்தரவு ஆகியவை ஓர் ஆக்கத்துக்குள்ளே விளக்கப்பட்டிருந்தாலும் அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது அது. இழுத்தால் புதுப்பிப்பது, பக்கப்பட்டையில் மெனு வைப்பது, மேலே தேடல் பெட்டி, கீழே ஐந்து ஐகன், இதயத்தைத் தட்டினால் சிவப்பாவது எல்லாம் செயற்படுத்தும் முறைகள். அவற்றை வரைந்திருக்கும் குறிப்பிட்ட படம், எழுதியிருக்கும் குறிப்பிட்ட நிரல், சொல்லியிருக்கும் குறிப்பிட்ட வாசகம் ஆகியவைதான் பாதுகாக்கப்பட்டவை.

இந்தக் கோட்டை நீதிமன்றங்கள் எங்கே போட்டன என்பதற்கு அமெரிக்க, ஐரோப்பிய வழக்குகள் சில போதும். அவை இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தா. ஆனாலும் உங்கள் தளம் இருக்கும் சேவையகங்களின் நாடு பெரும்பாலும் அமெரிக்கா என்பதால் தெரிந்து வைப்பது பயன் தரும்.

போர்லண்ட் நிறுவனம் தன் குவாட்ரோ புரோ விரிதாள் மென்பொருளில், போட்டி மென்பொருளான லோட்டஸ் 1-2-3 இன் மெனுவை அப்படியே வைத்தது. 469 கட்டளைகள், 50க்கு மேற்பட்ட மெனுக்கள், அதே சொற்கள், அதே வரிசை. 1995 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மெனு அமைப்பு ஒரு செயற்படுத்தும் முறை, பதிப்புரிமை இல்லை என்றது. 1996 இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் அந்தத் தீர்ப்பு நிலைத்தது.

அப்பிள் 1988 இல் மைக்ரோசொஃப்ட் மீது போட்ட வழக்கில் 189 ஒற்றுமைகளைப் பட்டியலிட்டது. அவற்றில் 179 ஏற்கெனவே இரு நிறுவனங்களும் 1985 இல் செய்த ஒப்பந்தத்துக்குள் வந்தன. மிச்சம் பத்தில் பெரும்பாலானவை யாரும் உரிமை கொண்டாட முடியாதவை. 1994 இல் முடிந்தபோது நீதிமன்றம் சொன்னது இதுதான்: இவ்வளவும் கழித்த பிறகு மீறல் என்று சொல்ல, முழுத்தோற்றம் ஏறக்குறைய அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும்.

இத்தோடு வாசிப்பதை நிறுத்தினால் தவறான தைரியம் வந்துவிடும். 2012 இல் நியூ ஜெர்சியில் டெட்ரிஸ் வழக்கு வந்தது. மினோ என்ற விளையாட்டைச் செய்தவர்கள் டெட்ரிஸின் விதிகளை மட்டும் எடுத்ததாகச் சொன்னார்கள். விதிகள் யாருக்கும் சொந்தமில்லை என்று நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் பத்துக்கு இருபது கட்டமுள்ள பலகை, துண்டுகளின் வடிவம், அவற்றை நிறமூட்டிய விதம் எல்லாம் விதிக்காகத் தேவைப்படாதவை, வேறு விதமாக வரைந்திருக்கலாம். அவற்றையும் எடுத்ததால் மீறல் என்று தீர்ந்தது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2010 இல் இதே பக்கம் சாய்ந்தது: வரைகலை இடைமுகம் கணினி நிரலாகக் கருதப்படாது, ஆனாலும் ஆக்கியவரின் சொந்த அறிவாக்கம் அதில் இருந்தால் சாதாரணப் பதிப்புரிமை அதற்கும் உண்டு.

ஆக, வேலைக்குத் தேவையான ஒற்றுமைக்கு இடம் உண்டு. அலங்காரத்தில் வரும் ஒற்றுமை சேரச் சேர ஆபத்து ஏறும்.

படி 1: திரையைப் பிரித்து எழுதுங்கள்

நீங்கள் பார்த்துச் செய்ய விரும்பும் செயலியின் மூன்று அல்லது நான்கு திரைகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒவ்வொன்றையும் ஓர் ஏ4 தாளில் அச்சிட்டுப் பேனையால் வட்டமிடுங்கள். கணினியிலேயே செய்யலாம், தாளில் செய்தால் ஒன்றும் தப்பாது. வட்டமிட்ட ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஓர் எழுத்துப் போடுங்கள்.

'மு' என்றால் முறை: எது எங்கே இருக்கிறது, தட்டினால் என்ன நடக்கிறது. இதை எடுக்கலாம். 'வ' என்றால் வரைவு: ஐகன், படம், நிழல், அசைவு, ஒலி, வாசகம். இதை மாற்ற வேண்டும். 'கு' என்றால் குறி: பெயர், லோகோ, அந்த நிறுவனத்தை உடனே நினைவுக்குக் கொண்டுவரும் சின்னம். இதை நீக்க வேண்டும்.

எக்ஸ்பி திரையில் பட்டை கீழே இருப்பது 'மு'. பட்டன் தட்டினால் மேல்நோக்கி இரு வரிசை மெனு விரிவது 'மு'. நான்கு நிறக் கொடி 'கு'. மறுசுழற்சிக் கூடையின் படம் 'வ'. பச்சைப் பட்டனின் வளைவும் பளபளப்பும் 'வ' தான். ஆனால் பச்சை என்ற நிறம் மட்டும் யாருடையதும் இல்லை. நிறத்தின் எண், மூலையின் வளைவு 8 பிக்சல், இடைவெளி 16 பிக்சல் போன்ற அளவுகள் வெறும் அளவுகளே. அளந்து எடுப்பதில் பிழையில்லை.

விருந்தினர் இல்லத்துக்கு இந்தத் தாள் இன்னும் இலகு. அட்டை, விலை, வடிகட்டி, நாட்காட்டி, பக்கத்தில் வரைபடம் எல்லாம் 'மு'. அந்த நிறுவனத்தின் பெயரும் குறியும் 'கு'. 'வ' வில் விழுவது ஐகன்களும் அறை பற்றிய சொற்றொடர்களும்.

படி 2: கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிவிடுங்கள்

'வ' பட்டியலில் உள்ளதுதான் முழு வேலையும். பொறுமையாகச் செய்யுங்கள்.

பின்னணிப் படம். எக்ஸ்பி போலச் செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுவது அந்தப் பச்சைக் குன்று. அது கணினியில் வரைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1996 இல் கலிஃபோர்னியாவில் சார்ள்ஸ் ஓரியர் எடுத்த உண்மையான புகைப்படம் அது. உரிமையை மைக்ரோசொஃப்ட் பின்னர் வாங்கியது. வால்பேப்பர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக லைசன்ஸ் கிடைத்ததாகாது. அதே உணர்வு வேண்டுமென்றால் கீழ்ப்பாதி ஒற்றை நிறம், மேற்பாதி வானம் என்ற அமைப்பை எடுத்துக்கொண்டு, நிலாவெளிக் கடலைக் காலையில் நீங்களே படம் பிடியுங்கள். 1920க்கு 1080 பிக்சலுக்குச் சுருக்கி வெப்பி என்ற படக்கோப்பு வடிவத்தில் சேமித்தால் 200 கிலோபைட்டுக்குள் அடக்கலாம். சுவாமி மலைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. கமராவை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மான்களை எடுப்பதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஐகன். மூலச் செயலியிலிருந்து எஸ்விஜி என்ற வகைப் படக்கோப்பை இறக்கி நிறத்தை மாற்றுவது மாற்றமாகாது. தழுவல் செய்யும் உரிமையும் மூல ஆசிரியரிடமே இருக்கிறது. இரண்டு வழி உண்டு. ஒன்று, திறந்த லைசன்ஸ் உள்ள தொகுப்பு. ஃபெதர், டேப்ளர், பூட்ஸ்ட்ராப் ஐகன்கள் எம்ஐடி லைசன்ஸில் கிடைக்கின்றன, கூகிளின் மெட்டீரியல் ஐகன்கள் அப்பாச்சி 2.0 இல். ஃபொன்ட் ஓசமின் இலவச ஐகன்களுக்கு சிசி பிவை 4.0, அதாவது பெயர் குறிப்பிட வேண்டும். மற்றது, நீங்களே வரைவது. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் 24க்கு 24 கட்டம் போட்டு, 2 பிக்சல் கோட்டில் வரையத் தொடங்குங்கள். வரையும்போது மூல ஐகனைத் திரையில் திறந்து வைக்காதீர்கள். கண் முன்னால் இருந்தால் கை அதையே போடும்.

இன்னொன்று: ஒரு தொகுப்பு முழுக்க ஒரே லைசன்ஸ் என்றாலும் அதற்குள் இருக்கும் நிறுவன லோகோக்கள் வேறு கதை. நிறுவன லோகோக்களைத் தரும் சிம்பிள் ஐகன்ஸ் தொகுப்புக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை, வியாபாரக் குறித் தடை அப்படியே இருக்கிறது.

எழுத்துரு. இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். அப்பிளின் சான் ஃபிரான்சிஸ்கோ எழுத்துரு, அப்பிள் தளங்களுக்கான மாதிரித் திரைகள் செய்ய மட்டும் தரப்பட்டது. சேகோ யூஐ விண்டோஸோடு வருவது. இவற்றின் கோப்பை உங்கள் சேவையகத்தில் ஏற்றினால் லைசன்ஸ் மீறல். ஆனால் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் நிரலில் எழுத்துருப் பெயராக சிஸ்டம்-யூஐ என்று மட்டும் எழுதினால், வருபவரின் கருவியில் இருக்கும் எழுத்துருவே வரும். ஐஃபோனில் சான் ஃபிரான்சிஸ்கோவும் விண்டோஸில் சேகோவும் தெரியும். நீங்கள் ஒன்றும் கொப்பி செய்யவில்லை. இரண்டு வரிக் குறிப்பில் முடியும் வேலைக்குக் கோப்பை ஏற்றிச் சிக்கலில் மாட்ட வேண்டியதில்லை. சொந்தமாக ஏற்றத்தான் வேண்டுமென்றால் இன்ட்டர், தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். இரண்டும் திறந்த எழுத்துரு லைசன்ஸ் கொண்டவை.

தமிழ் எழுத்துருவில் தனி எச்சரிக்கை. பழைய அச்சகக் கணினிகளில் இருந்து கைமாறி வந்த எழுத்துருக்கள் பல, லைசன்ஸ் தாள் எதுவும் இல்லாமல் சுற்றுகின்றன. யார் செய்தது என்று கோப்பின் உட்தகவலில் எழுதியிருக்கும். விண்டோஸில் கோப்பை வலது தட்டி விவரங்களைப் பாருங்கள். உரிமையாளர் பெயர் இருந்து லைசன்ஸ் இல்லாவிட்டால் ஏற்றாதீர்கள்.

இமோஜி. அப்பிளின் இமோஜிகளைப் படமாக வெட்டிப் பக்கத்தில் ஒட்டுவது படக் கொப்பி. யூனிகோடு எழுத்தாகவே தட்டச்சினால் அவரவர் கருவி அவரவர் படத்தைக் காட்டும்.

ஒலி. தொடங்கும்போது வரும் இசை, செய்தி வரும்போது வரும் சிறு ஓசை, எல்லாமே ஒலிப்பதிவுகள். ஒரு நொடிதானே என்று விட்டுவிட வேண்டாம். கோணேசர் கோயில் மணியின் ஓசையை நீங்களே பதிந்து அரை நொடிக்கு வெட்டிப் போட்டாலும் தளம் தனித்துத் தெரியும்.

படி 3: நிரல்

உலாவியின் ஆய்வுக் கருவியைத் திறந்து சிஎஸ்எஸ்ஸை மொத்தமாக எடுத்து ஒட்டுவது, முழுத் தளத்தையும் இறக்கும் மென்பொருளால் இழுத்து எடுப்பது, இரண்டும் எழுத்தாக்கத்தைக் கொப்பி செய்வது. நிரல் சட்டத்தின் கண்ணில் புத்தகம் போலத்தான். அங்கே பார்த்து, 'ஓ, இதை கிரிட் என்ற கட்ட அமைப்பால் செய்திருக்கிறார்கள், மூன்று நெடுவரிசைக்கு மேல் போனால் மடிகிறது' என்று விளங்கிக்கொண்டு, ஜன்னலை மூடிவிட்டு நீங்களே எழுதினால் சரி. மூடிவிட்டு என்பது முக்கியம்.

பழைய விண்டோஸ் தோற்றத்துக்கு ஆயத்தமான சிஎஸ்எஸ் தொகுப்புகளும் உண்டு. 98.சிஎஸ்எஸ் எம்ஐடி லைசன்ஸில் கிடைக்கிறது. எம்ஐடி கேட்பது ஒன்றே: உரிமையாளர் வரியையும் லைசன்ஸ் வாசகத்தையும் கூடவே வைத்திருங்கள். பலருக்கு இது தெரியாமலே பிழைத்துப்போகிறது. தளத்தைச் சுருக்கிக் கட்டும் கருவி, கோப்பில் உள்ள குறிப்புகளையெல்லாம் தூக்கி எறிந்துவிடும், லைசன்ஸும் சேர்ந்து போய்விடும். சாய்கோடு, நட்சத்திரம், ஆச்சரியக்குறி மூன்றோடும் தொடங்கும் குறிப்பைப் பெரும்பாலான கருவிகள் விட்டுவைக்கும். அதற்கும் மேலாக, லைசன்ஸ் வாசகங்களைத் தனி ஒரு பக்கத்தில் போட்டு அடியில் இணைப்புக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்தால் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் சட்டத்தில் எதுவும் மாறுவதில்லை. 'இதைப் போலவே செய்' என்று கேட்டால் லோகோவைக்கூட எஸ்விஜியாக வரைந்து உள்ளே வைத்துவிடும். வெளியான கோப்பில் மூல நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். மாற்று உரை, கிளாஸ் பெயர், பக்கத் தலைப்பு எங்காவது ஒட்டியிருக்கும்.

ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் இரசிகர்கள் ஏற்றிய இடைமுகத் தொகுப்புகளிலும் இதே பொறி. ஏற்றியவர் அங்கே சிசி பிவை என்று போட்டிருப்பார். தன்னிடம் இல்லாத உரிமையை அவரால் உங்களுக்குத் தர முடியாது.

படி 4: வாசகம்

'சேமி', 'அனுப்பு', 'கூடைக்குள் போடு' என்பவை எவருக்கும் பொது. நாலு வரி உதவிக் குறிப்பு, வரவேற்பு வசனம், நிபந்தனைப் பக்கம் ஆகியவை எழுதியவருக்குச் சொந்தம். 'நான் தமிழில் மொழிபெயர்த்துத்தானே போட்டேன்' என்பது நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் விடை. மொழிபெயர்ப்பும் உரிமையாளருக்கு மட்டும் உள்ள உரிமை. 9ஆம் பிரிவில் பெயர் சொல்லியே இருக்கிறது. நிபந்தனைப் பக்கத்தைக் கொப்பியடித்தால் இன்னொரு அவமானமும் உண்டு: உப்புவெளி விருந்தினர் இல்லத்தின் பிணக்குகள் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் தீர்க்கப்படும் என்று பக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்.

படி 5: பெயரும் குறியும்

'கு' பட்டியலில் உள்ளதற்கு மாற்றே கிடையாது, நீக்குவதுதான். லோகோவைக் கொஞ்சம் வளைத்து, நிறம் மாற்றி, ஓர் எழுத்தைக் கூட்டி வைப்பது நிலைமையை மோசமாக்கும். வேண்டுமென்றே மயக்கப் பார்த்தார் என்று காட்ட அதுவே சான்றாகிவிடும். உலாவித் தாவலில் வரும் குட்டி ஐகனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொலைபேசியின் முகப்பில் சேர்க்கும்போது வரும் பெரிய ஐகன், இணைப்பைப் பகிரும்போது வரும் முன்தோற்றப் படம், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

டொமைன் பெயரில் பிறர் குறி வேண்டாம். டொட் கொம் முகவரியானால் உரிமையாளர் நீதிமன்றம் போகாமலே நடுத்தீர்ப்பு முறையால் அதைப் பறிக்கலாம். உங்கள் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். டொட் எல்கே மட்டுமல்ல, டொட் இலங்கை என்று முழுத் தமிழிலும் முகவரி எடுக்கலாம் என்பதைக் கன பேர் அறியார்.

வியாபாரம் நடத்துகிறவர் 160ஆம் பிரிவையும் கவனிக்க வேண்டும். அது நேர்மையற்ற போட்டி பற்றியது. புறாத்தீவுப் படகுச் சவாரிக்குப் பதிவு எடுக்கும் பக்கம் ஒன்று, பெயர்பெற்ற பயணத் தளத்தின் கிளை என்று வருபவர் நம்பும்படி இருந்தால், பதிப்புரிமை ஒன்றும் மீறப்படாவிட்டாலும் வழக்குக்கு இடம் உண்டு. மாணவரின் சுயவிவரத் தளத்துக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

அமெரிக்காவில் வடிவமைப்பு உரிமை தனி வல்லமை கொண்டது. அப்பிள், சம்சுங் வழக்கில் அட்டவணையாக ஐகன் அடுக்கிய முகப்புத் திரையின் வடிவமும் ஒரு காரணம். 2018 இல் யூரிகள் சொன்ன தொகை ஏறத்தாழ 539 மில்லியன் டொலர். அது ஃபோன் விற்ற கம்பனிக்கு வந்தது. இப்படியான உரிமை எந்த நாட்டில் பதியப்பட்டதோ அங்கேதான் செல்லும்.

படி 6: கடவுச்சொல் பெட்டியை எடுத்துவிடுங்கள்

இது பதிப்புரிமைக்கு வெளியே உள்ள விடயம், ஆனால் நடைமுறையில் தளங்கள் சாகும் வழி இதுதான். நெட்ஃபிளிக்ஸ், ஸ்பொட்டிஃபை, ஃபேஸ்புக் போல மாதிரிச் செயலி செய்து பழகுகிறவர்கள் உள்நுழைவுப் பக்கத்தையும் அழகாகச் செய்து ஏற்றிவிடுவார்கள். அசல் போன்ற பக்கம், கடவுச்சொல் கேட்கும் பெட்டி, வேறு முகவரி: இம்மூன்றும் சேர்ந்தால் தானியங்கிக் கருவிகளுக்கு அது கடவுச்சொல் திருடும் பக்கம். கூகிளின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறினால் குரோமில் பக்கம் திறக்குமுன் சிவப்புத் திரை வரும். சேவையகம் கணக்கையே மூடலாம்.

உள்நுழைவு காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், தட்டச்சப் பெட்டியே இல்லாமல் 'மாதிரியைப் பார்' என்று ஒரு பட்டன் வையுங்கள். பயிற்சிக்குச் செய்த பக்கமானால் தேடுபொறி அட்டவணைப்படுத்தாதிருக்கும் குறிச்சொல்லையும் சேருங்கள். ஏற்கெனவே சிவப்புத் திரை வந்துவிட்டதா? பக்கத்தைத் திருத்தி, கூகிள் சேர்ச் கொன்சோலில் தளம் உங்களுடையது என்று நிறுவி, பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியில் மறுபரிசீலனை கேளுங்கள். திருத்தாமல் கேட்டால் மறுப்புத்தான் வரும்.

படி 7: இரண்டு மீற்றர் தள்ளி நின்று பாருங்கள்

மூலத் திரையையும் உங்கள் திரையையும் பக்கம் பக்கமாக அச்சிடுங்கள். பெயர் இருக்கும் இடத்தைக் கையால் மறைத்து, விடயம் தெரியாத ஒருவரிடம் இரண்டு மீற்றர் தள்ளிக் காட்டுங்கள். 'இது அதைப் போல இருக்கிறது' என்றால் நல்லது, அதற்காகத்தானே செய்தீர்கள். 'இதுவும் அவர்களுடையதுதானே' என்றால் திருப்பி வரைய வேண்டும். எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு பரீட்சை இல்லை. ஆனாலும் டெட்ரிஸ் வழக்கில் நீதிபதி இரண்டு விளையாட்டின் திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தார்.

எங்கே மாற்றுவது? வேலையில் கைவைக்காதீர்கள், அது பயனாளிக்குப் பழகியது. நிறக் கூட்டு, ஐகன் பாணி, நிழல், மூலை, அசைவின் வேகம் ஆகியவற்றில் மாற்றுங்கள். ஐந்தில் மூன்றை மாற்றினாலே ஆள் வேறாகத் தெரியும்.

அடியில் ஒரு வரி போடுவது நல்லது: 'இத்தளத்தின் தோற்றம் இன்ன செயலியை நினைவூட்டும்படி புதிதாக வரையப்பட்டது. அந்நிறுவனத்துக்கும் இத்தளத்துக்கும் தொடர்பில்லை.' இந்த வரி மயக்கத்தைக் குறைக்கும், ஆகவே வியாபாரக் குறிச் சிக்கலில் கொஞ்சம் உதவும். கொப்பி செய்த ஐகனை இந்த வரி தூய்மையாக்காது.

'காசு வாங்கவில்லையே' என்ற வாதம்

11ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. விமர்சனம், கற்பித்தல், ஆராய்ச்சி போன்றவை அதில் வரும். பயன்பாட்டின் நோக்கம், மூல ஆக்கத்தின் இயல்பு, எடுத்த அளவு, அதன் சந்தைக்கு வரும் பாதிப்பு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இலாபமில்லை என்பது முதலாவதின் ஒரு பகுதி மட்டுமே. ஒரு செயலியின் குறைகளை அலசி, திருத்திய வடிவத்தைக் காட்டும் மாணவர், தேவையான பகுதியை மட்டும் வெட்டி, பக்கத்திலேயே விளக்கம் எழுதிப் போட்டால் வலுவான இடத்தில் நிற்கிறார். அதே ஸ்கிரீன்ஷாட்டைத் தளத்துக்கு அலங்காரமாகப் போட்டால் நிற்க இடமில்லை. சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுப்பதை 12ஆம் பிரிவு பொறுத்துக்கொள்ளும். உலகம் பார்க்கும் தளம் சொந்தத் தேவை என்ற சொல்லுக்குள் அடங்காது.

வேண்டுமென்றே மீறுவது இலங்கையில் குற்றமும்கூட. 178ஆம் பிரிவின்படி நீதவான் நீதிமன்றத்தில் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டும்.

படி 8: பதிவேடு

தளத்தின் கோப்புறைக்குள் சாதாரண உரைக்கோப்பு ஒன்று திறந்து, ஒவ்வொரு படத்துக்கும் எழுத்துருவுக்கும் ஒலிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: கோப்பின் பெயர், எங்கே எடுத்தது, எந்தத் திகதி, எந்த லைசன்ஸ், என்ன மாற்றினீர்கள். லைசன்ஸ் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தளங்கள் லைசன்ஸை மாற்றுவதுண்டு. நீங்களே வரைந்த ஐகன்களின் இங்க்ஸ்கேப் மூலக் கோப்புகளையும் அரைகுறை வரைவுகளையும் அழிக்காதீர்கள். கோப்பு மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் கருவியில் அடிக்கடி கொமிட் செய்தால், அதாவது அந்தந்த நேர நிலையைப் பதிந்தால், படிப்படியாக வரைந்ததற்கு அதுவே சாட்சி.

முறைப்பாடு வந்துவிட்டால்

முதலில் அது எந்த வகை என்று வாசியுங்கள். டிஎம்சிஏ அறிவித்தல் என்றால் பதிப்புரிமை. எந்த ஆக்கம், உங்கள் பக்கத்தில் எந்த முகவரி என்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும். கிட்ஹப் போன்ற இடத்தில் உங்கள் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தின் ஒரு பகுதி பற்றி மட்டும் முறைப்பாடு என்றால், திருத்துவதற்கு ஏறத்தாழ ஒரு வேலை நாள் தருவார்கள். அந்த ஒரு நாளில் பதிவேட்டைத் திறந்து, சொல்லப்பட்ட கோப்பைத் தேடுங்கள். அவர்கள் சொல்வது சரியென்றால் உடனே நீக்கிப் பதில் எழுதுங்கள். பழைய கொமிட்டுகளிலும் கோப்பு இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வரலாற்றிலிருந்தும் அகற்ற வேண்டும்.

கோப்பு உங்களுடையது, லைசன்ஸும் கையில் இருக்கிறது என்றால் எதிர் அறிவித்தல் அனுப்பலாம். முறைப்பாட்டாளர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் பக்கம் திரும்ப ஏறும். அனுப்புமுன் இரண்டு விடயத்தை யோசியுங்கள். உங்கள் உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் கொடுக்க வேண்டும். பொய் சொன்னால் பொய்ச்சத்தியக் குற்றம் என்ற உறுதிமொழியோடு அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் ஏற்கிறீர்கள். கிட்ஹப் இந்த அறிவித்தல்களைப் பொதுக் களஞ்சியத்தில் வெளியிடுகிறது, தனிப்பட்ட விவரங்களை மறைத்து. பதிவேடு சுத்தமாக இல்லாதவர் எதிர் அறிவித்தல் அனுப்பக்கூடாது.

வியாபாரக் குறி முறைப்பாட்டுக்கு எதிர் அறிவித்தல் என்ற வழியே இல்லை. லோகோவை எடுத்துவிட்டு, எடுத்ததாக எழுதுவதுதான் விரைவு.

கடிதம் நேரடியாகச் சட்டத்தரணி ஒருவரிடமிருந்து வந்து, திகதி குறித்துப் பணமும் கேட்டால், அதற்கு நீங்களே பதில் எழுதாதீர்கள். இலங்கையில் புலமைச் சொத்து வழக்குகள் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகின்றன, ஆகவே அங்கே பழக்கமுள்ள சட்டத்தரணி ஒருவர் வேண்டும். குறியோ வடிவமைப்போ இலங்கையில் பதியப்பட்டதா என்று கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். கடிதத்தையும் பதிவேட்டையும் இரண்டு திரைகளின் அச்சுப் பிரதிகளையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு போங்கள்.